ரெண்டு ஆச்சே... ஆபரேஷன் பண்ணியாச்சா?

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. சமையல் குறிப்பு எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க, வாழைப்பூ வடை காத்திருக்கு. இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ். தலைப்பைப் பார்த்ததும் 'இது பொம்பளைங்க சமாச்சாரம்'னு நைசா நழுவப் பார்க்கிற ஆண் பதிவர்கள் தயவுசெஞ்சு உட்காருங்க. பாதிப் பதிவு உங்களுக்காகத்தான் :-)

கல்யாண வீடு, காதுகுத்து, வளைகாப்பு... எங்க போனாலும் ரெண்டு பிள்ளை பெத்த பொண்ணைப் பார்த்து யாராவது ஒரு பெரியம்மா இந்தக் கேள்வியைக் கேட்டுருவாங்க. "ரெண்டு ஆச்சே, ஆபரேஷன் பண்ணியாச்சா?" சாப்பிட்டியா, தூங்கினியாங்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமா. யாரும் "என்ன முறை எடுத்திருக்கே?"ன்னு கேட்கிறதில்லை. பக்கத்துல நிக்கிற புருஷனைப் பார்த்து "நீ பண்ணிட்டியா தம்பி?"ன்னு கேட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல. நம்ம ஊர்ப் பேச்சுல குடும்பக்கட்டுப்பாடுன்னா ஆபரேஷன், ஆபரேஷன்னா பொம்பளைக்கு. அகராதியில வேற அர்த்தமே கிடையாது.

சரி, இது நம்ம சொந்தக்காரங்க பேச்சு மட்டும்தானா, இல்ல ஊரே இப்படித்தானான்னு பார்க்கலாம்னு கணக்கைத் தேடினேன். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கு. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற கல்யாணமான பெண்கள்ல, 100-க்குச் சுமார் 69 பேர் வீட்டுல ஏதோ ஒரு வகையில கர்ப்பத்தடை இருக்கு. நவீன முறைகள்னு மட்டும் எடுத்தா சுமார் 65. அதுல பெண்கள் கருத்தடை ஆபரேஷன் மட்டும் சுமார் 58! காப்பர் டி 5-க்குப் பக்கம். மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் கூட்டினாலும் மூணைத் தாண்டாது. ஆண்கள் ஆபரேஷன்? 0.1. அதாவது ஆயிரம் தம்பதிக்கு ஒருத்தர். அந்த ஒருத்தரைக் கண்டுபிடிச்சா மாலை போடணும்.

இந்தியா முழுக்க எடுத்தா பெண்கள் ஆபரேஷன் 100-க்கு 38, ஆணுறை 9, மாத்திரை 5. ஆந்திராவுல நம்மளை விடவும் ஜாஸ்தி, கிட்டத்தட்ட 70. ஆக படிப்பு, ஆஸ்பத்திரி, ரோடு எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிற தென்மாநிலங்கள்லதான் இந்த ஒரே வழி இவ்வளவு பலமா இருக்கு. நம்ம மாநிலத்துல பிறப்பு விகிதம் எப்பவோ ரெண்டுக்குக் கீழ இறங்கிடுச்சு. அதைச் சாதனைன்னு சொல்றோம், சாதனைதான். ஆனா அந்தச் சாதனை யார் வயித்துல தையல் போட்டு வந்ததுன்னு பேசறதில்லை.

நான் சொல்ல வர்றது ஆபரேஷன் கெட்டதுன்னு இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்துல கும்மி அடிச்சுருவீங்க. ஒரு பொண்ணு எந்த முறையை எடுக்கிறாங்கிறது, அவ எதைத் தேர்ந்தெடுத்தாங்கிறதை விட, எந்த நேரத்துல யார் அவகிட்ட என்ன கேட்டாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் இருக்கு. நான் பார்த்த, கேட்ட வரைக்கும் அதுதான். ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

முதல்ல வீடு. கல்யாணம் ஆன மூணாவது மாசத்துலயே "விசேஷம் ஏதும் உண்டா?" ஆரம்பிச்சுரும். ஆறு மாசத்துல கோயில், ஒரு வருஷத்துல டாக்டர். இந்த நெருக்கடியில "நாங்க ரெண்டு வருஷம் தள்ளிப் போடறோம்"னு சொல்ல எத்தனை பொண்ணுங்களால முடியும்? சொன்னா "முதல் குழந்தையைத் தள்ளிப் போட்டா அப்புறம் தங்கவே தங்காது"ன்னு ஒரு பயமுறுத்தல். மாத்திரையோ ஆணுறையோ பயன்படுத்தி நிறுத்தினதால மலடு ஆகிறதில்லை. ஆனா அதை எடுத்துச் சொல்ல அந்த வீட்டுல யாருமில்லை. அதனால முதல் குழந்தைக்கு முன்னாடி கர்ப்பத்தடைங்கிற பேச்சே கிடையாது. முதல் பொண்ணா இருந்தா ரெண்டாவதுக்கு அவசரம். ரெண்டும் பொண்ணா இருந்தா "இன்னும் ஒண்ணு பார்த்துட்டு பண்ணிக்கலாமே". ஆண் பிள்ளை வந்த மறுநிமிஷம் "முடிச்சுரு". பாருங்க, இவ உடம்புக்கு எப்போ ஓய்வு வேணும்ங்கிற கணக்கு இந்த மொத்தக் கதையில எங்கயுமே வரலை.

என் சித்தி பொண்ணு ஒருத்தி. பி.காம் படிச்சவ, கம்ப்யூட்டர்ல டாலி தெரியும், பாங்க் எக்ஸாமுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தவ. முதல் குழந்தை பிறந்தப்ப 22 வயசு. மூணு வருஷம் இடைவெளி விடணும்னு அவளே முடிவு பண்ணியிருந்தா. யார்கிட்ட கேட்டாலும் "பால் குடுக்கிற வரைக்கும் நிக்காது, பயப்படாதே"ன்னாங்க. குழந்தைக்கு ஒன்பது மாசம் ஆகும்போது வாந்தி. பித்தம்னு நினைச்சு இஞ்சிச்சாறு குடிச்சுருக்கா. ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன்ல பார்த்தா குழந்தை.

பால் குடுத்தா நிக்காதுங்கிறது முழுப்பொய் இல்ல, பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும், ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே குடுத்துக்கிட்டு இருக்கணும், மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. இந்த மூணும் சேர்ந்து இருந்தாத்தான் அது கர்ப்பத்தடை. ஒண்ணு போனாலும் போச்சு. நம்ம பாட்டிமார் சொன்னது அவங்க காலத்துக்கு ஓரளவு சரியா இருந்திருக்கும். ஆறாவது மாசமே செரிலாக் ஊட்டற நம்ம காலத்துக்கு அது சரிவராது. இந்த மூணு நிபந்தனையை அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். பிரசவத்துக்கு முன்னாடி எத்தனை தடவை செக்கப் போனா! எடை பார்த்தாங்க, பிரஷர் பார்த்தாங்க, இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. இந்த ரெண்டு நிமிஷம் மட்டும் யாருக்கும் கிடைக்கலை.

ரெண்டாவது பிரசவம் சிசேரியன். மேஜையில படுக்க வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பேப்பர் வந்துச்சாம். "ரெண்டாவது தானே, இதோட சேர்த்துப் பண்ணிடலாம், இன்னொரு தடவை வயித்தைத் திறக்க வேணாம் பாரு." மாமியார் சரின்னாங்க, புருஷன் சரின்னார், இவளும் கையெழுத்துப் போட்டா. வயசு 24. "உனக்கு இஷ்டமில்லையா?"ன்னு நான் அப்புறம் கேட்டேன். "இஷ்டம்தான் அக்கா. வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா வலி பின்னிட்டு இருக்கிறப்பவா கேட்பாங்க? முன்னாடியே கேட்டிருந்தா யோசிச்சு சரின்னு சொல்லியிருப்பேன்ல"ன்னா. முடிவு என்னவோ ஒண்ணுதான். ஆனா அதுல 'நான்' எங்க இருக்கேன்னு அவ கேட்கிறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

அந்த ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல சுமார் 45 சிசேரியன். பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில. அப்போ கர்ப்பத்தடை முடிவும் பிரசவ வார்டுல, அந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள எடுக்கிற முடிவாவே ஆயிடுது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ள காப்பர் டி போடற வழியும் இருக்கு, நல்ல வழிதான். ஆனா "எனக்கே தெரியாம போட்டுட்டாங்க, வயித்துவலின்னு போய் ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சது"ன்னு சொன்ன ரெண்டு பேரை எனக்கே தெரியும். ஒரு நல்ல முறைக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கிறதுக்கு இதை விடச் சுலபமான வழி கிடையாது. அப்படிப் போட்ட ஒருத்தி தெருவுல பத்துப் பேருக்குச் சொல்வா, அந்தப் பத்துப் பேரும் காப்பர் டின்னாலே காத தூரம் ஓடுவாங்க.

ரெண்டாவது காரணம், பயம். காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிடும், ஊசி போட்டா உடம்பு ஊதிடும், மாத்திரை சாப்பிட்டா கேன்சர் வரும்... நீங்களும் கேட்டிருப்பீங்க. காப்பர் டி கர்ப்பப்பையை விட்டு நெஞ்சுக்குப் போக வழியே இல்ல. எப்பவாவது தானா வெளியே வந்துரலாம், ரொம்ப அபூர்வமா கர்ப்பப்பை சுவரைக் குத்தலாம், அவ்வளவுதான். ஆனா மாதவிலக்குல உதிரப்போக்கு ஜாஸ்தியாகிறது, வலி கூடுறது, இதெல்லாம் நிஜம். முதல் சில மாசம் நிறையப் பேருக்கு வரும். மூணு மாச ஊசி போட்டா உதிரப்போக்கு தாறுமாறா ஆகலாம், நின்னே போகலாம். நிறுத்தினப்புறம் மறுபடி கர்ப்பம் தரிக்கக் கொஞ்ச மாசம் தாமதமும் ஆகலாம். இதை முன்கூட்டியே சொன்னா பெண்கள் சமாளிச்சுக்குவாங்க. சொல்லாம போட்டுட்டு, வந்து கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்லை, போம்மா"ன்னு துரத்தினா என்ன ஆகும்? வதந்தி பிறக்கும்.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. எங்க பாட்டி 'லூப்பு'ன்னு ஒண்ணைப் பத்தி சொல்வாங்க, ஏதோ பேய்க்கதை மாதிரி. தேடிப் பார்த்தா, 1965-ல் இந்தியாவுல லிப்பீஸ் லூப்னு ஒண்ணை நாடு முழுக்கப் பெரிய அளவுல கொண்டு வந்திருக்காங்க. ஆரம்பத்துல ஏகப்பட்ட பேர் போட்டுக்கிட்டாங்க. உதிரப்போக்குன்னு வந்தவங்களைக் கவனிக்கிற ஏற்பாடு சரியா இல்ல. ரெண்டு மூணு வருஷத்துலயே போட்டுக்கிறவங்க எண்ணிக்கை சரசரன்னு இறங்கிடுச்சு. எங்க பாட்டி சொன்ன பேய்க்கதை அங்கிருந்து வந்ததுதான். அது அம்மாவுக்கு வந்து, எனக்கும் வந்துருச்சு. அறுபது வருஷம் ஆச்சு, லூப்பு போய் காப்பர் டி வந்தாச்சு, பயம் மட்டும் அப்படியே இருக்கு.

மூணாவது காரணம்... ஆண் பதிவர்கள் தூங்கிட்டீங்களா? எழுந்திருங்க, உங்க ஏரியா வந்துருச்சு.

ஆண்கள் ஆபரேஷன் நம்ம நாட்டுல எப்பவுமே இப்படி இல்ல. 1952-லயே அரசாங்கமே குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்ச முதல் நாடு நம்மது. 1971 ஜூலையில பக்கத்துல எர்ணாகுளத்துல ஒரே மாசத்துல 63,000-க்கு மேல ஆண்கள் முகாம்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. திருவிழா மாதிரி நடந்துச்சாம். நிரோத் 1968-ல் வந்தப்ப மூணு 15 பைசா. டீத்தூள், சோப்பு, டார்ச் பேட்டரி விற்கிற கம்பெனிகள் மூலமா பெட்டிக்கடை வரைக்கும் போச்சு. அப்போ ஆம்பளைங்க இதுல இருந்தாங்க.

அப்புறம் எமர்ஜென்சி. 1976-77 ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல ஆபரேஷன், அதுல 60 லட்சத்துக்கு மேல ஆண்கள். குறிப்பா வடக்கே ஆளைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், ரேஷனை, சம்பளத்தை நிறுத்திடுவோம்னு மிரட்டிப் பண்ணின கொடுமை. 1977 தேர்தல்ல அந்த அரசாங்கம் கவிழ்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த வருஷம் மொத்த ஆபரேஷன் எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழ விழுந்துச்சு. 'குடும்பக்கட்டுப்பாடு'ங்கிற பேரையே 'குடும்ப நலம்'னு மாத்தினாங்க. அதுக்கப்புறம் ஆண்களைத் தொட எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வரலை. அப்போ யாரைத் தொடறது? ஓட்டுப் போட்டு ஆட்சியைக் கவிழ்க்காத, ஆஸ்பத்திரிக்கு எப்படியும் பிரசவத்துக்கு வந்தே ஆகணும்ங்கிற ஆளை. அதாவது நம்மளை.

1996 வரைக்கும் நர்ஸம்மாக்களுக்கு வருஷத்துக்கு இத்தனை கேஸ்னு டார்கெட் இருந்துச்சு. எங்க தெருவுக்கு வர்ற நர்ஸம்மா, மாசக் கடைசியில அம்மாகிட்ட வந்து "ஒரு கேஸ் குறையுது, யாராவது இருக்காங்களா"ன்னு கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. பாவம், அவங்க வேலை அப்படி. அந்த வருஷம் ஏப்ரல்ல டார்கெட்டை எடுத்துட்டாங்க. ஆனா பழக்கம் காகிதத்துல இருந்து போன மாதிரி கையில இருந்து போகலை.

ஆண்களுக்கு இப்போ இருக்கிறது தழும்பில்லாத ஆபரேஷன். கத்தியே கிடையாது, ஒரு சின்னத் துளை, தையல் இல்ல, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும், அன்னிக்கே வீட்டுக்கு வந்துரலாம். 1974-ல் சீனாவுல ஆரம்பிச்சது, 90-கள்ல இந்தியாவுக்கு வந்துச்சு. பெண்ணுக்குப் பண்றதை விட இது சின்ன வேலை, ஆபத்து குறைவு, தோத்துப் போறதும் குறைவு. 2007-ல் மத்திய அரசு ஊக்கத்தொகையை மாத்தினப்போ ஆணுக்கு 1,100 ரூபாய், வசதியில்லாத பெண்ணுக்கு 600 ரூபாய்னு வச்சாங்க. ஆணுக்கு ஜாஸ்தி குடுத்தும் ஆயிரத்துக்கு ஒருத்தர்தான்!

ஏன்னு கேட்டா ரெண்டே பதில். ஒண்ணு, 'பலம் போயிரும், பாரம் தூக்க முடியாது'. ஐயா, அந்த ஆபரேஷன்ல கட்டறது உயிரணு வர்ற குழாயை மட்டும்தான். ஹார்மோன் ரத்தத்துல போகுது, அதை யாரும் தொடறதில்லை. ஆசையும் போகாது, பலமும் போகாது, மத்ததெல்லாம் வழக்கம்போல. சில நாள் பாரம் தூக்காம இருக்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும். பண்ணின உடனே அது வேலை செய்யாது. மூணு மாசம் வேற பாதுகாப்பு எடுத்துக்கிட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனை பண்ணி, உயிரணு இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். இதைச் சொல்லாம விட்டதால எத்தனை வீட்டுல பொண்டாட்டி மேல சந்தேகம் வந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்.

இன்னொரு பதில், 'அது அவ வேலை'. அந்த தேசிய ஆய்வுல ஆண்கள்கிட்டயும் கேட்டிருக்காங்க. கர்ப்பத்தடை பெண்கள் விவகாரம், ஆண் அதுல கவலைப்பட வேண்டியதில்லைன்னு 100-க்கு 35 பேர் ஒத்துக்கிட்டாங்க. கர்ப்பத்தடை பயன்படுத்தற பொண்ணு ஒழுக்கம் தவறிடுவான்னு நினைக்கிறவங்க அஞ்சுல ஒருத்தர். இது என் கற்பனை இல்ல, அவங்க வாயால சொன்னது.

ஆண்களை மட்டும் திட்டினா நியாயமில்லை. எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன். ரெண்டு சிசேரியன் ஆன மனைவிக்கு இதுக்கு மேல கத்தி வேணாம்னு அவரே போய்ப் பண்ணிக்கிட்டு வந்துட்டார். வீட்டுல 'சின்னக் கட்டி, எடுத்தாச்சு'ன்னு சொல்லிட்டார். நாலு மாசம் கழிச்சு எப்படியோ அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தம்மா மகனை ஒரு வார்த்தை கேட்கலை. மருமகளைத்தான் "என் பிள்ளை மேல கத்தி வைக்க விட்டுட்டு நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியா"ன்னு பிடிபிடின்னு பிடிச்சிருக்காங்க. ஒரு நல்ல காரியத்தை அவர் திருட்டுத்தனமாப் பண்ண வேண்டியிருந்துச்சு. பலனை அனுபவிச்சது மருமக, திட்டு வாங்கினதும் அதே மருமக! எங்க ரங்கமணி இந்தக் கதையைக் கேட்டுட்டு, "நம்ம அம்மா அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க"ன்னார். சொல்லிட்டு, கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார். அந்தப் பக்கத்துல கல்யாண மண்டப விளம்பரம் மட்டும்தான் இருந்துச்சு :-)

நாலாவது காரணம், காசும் குடும்ப நிலைமையும். இங்கதான் நான் நினைச்சுக்கிட்டிருந்த கணக்கெல்லாம் மாறிச்சு. எங்க வீட்டுக்கு இட்லி மாவு கொண்டு வர்ற அக்கா 23 வயசுலயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. 'ஐயோ, அவ்வளவு சின்ன வயசுலயா'ன்னு நான் உச்சுக்கொட்ட ஆரம்பிச்சேன். அவங்க சிரிச்சாங்க. "எங்க வீட்டாளு குடிச்சுட்டு வருவாரும்மா. அந்த ஆளை நம்பி உறை போடச் சொல்லவா? மாத்திரையை எங்க ஒளிச்சு வைக்கிறது? நூலைப் பார்த்தா காப்பர் டியைப் பிடுங்கி எறிங்கும். ஆபரேஷனை அவரால என்ன பண்ண முடியும்? அன்னிக்கு வீட்டுக்கு வந்து படுத்தப்பதான் முதல் தடவையா நிம்மதியாத் தூங்கினேன்."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு ஆபரேஷன் வேற வழியில்லாத வழி. அவங்களுக்கு அதுதான் விடுதலை. ஒரே நாள், ஒரே செலவு, ஆயுசுக்கும் யார் சம்மதமும் வேண்டாம். தினக்கூலிக்காரங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊசிக்கு லீவு போடறதே பெரிய விஷயம். அதனால 'ஏன் இந்தப் பொம்பளைங்க எல்லாம் ஆபரேஷனுக்கே போறாங்க, விழிப்புணர்வு இல்லை'ன்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசறவங்களோட நான் சேர மாட்டேன். அந்த அக்காவுக்கு விழிப்புணர்வு நம்ம எல்லாரையும் விட ஜாஸ்தி. அவங்களைச் சுத்தி இருந்த மத்த கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு, திறந்திருந்த கதவு வழியா வெளியே வந்தாங்க.

சட்டத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பெண் கருத்தடை ஆபரேஷனுக்கு கணவன் கையெழுத்து அவசியமே இல்ல. மத்திய அரசு வழிகாட்டுதல்லயே தெளிவா இருக்கு. கல்யாணமானவளா இருக்கணும், 22 வயசுக்கு மேல இருக்கணும், ஒரு வயசு தாண்டின ஒரு குழந்தையாவது இருக்கணும், அவ கையெழுத்துப் போட்டா போதும். ஆனா நடைமுறையில எத்தனை இடத்துல "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா"ன்னு சொல்றாங்க, உங்களுக்கே தெரியும். மாவு அக்கா அவங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போய்த்தான் சமாளிச்சாங்களாம்.

பொண்ணுங்க கையெழுத்துப் போட்டதும் அவங்க உடம்பை எப்படி நடத்தினாங்கங்கிறதுக்கு ஒரு உதாரணம் போதும். 2014 நவம்பர்ல சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாம்ல ஒரே டாக்டர் சில மணி நேரத்துல 83 பெண்களுக்கு ஆபரேஷன் பண்ணினார். அதுல 13 பேர் செத்துப் போனாங்க. எல்லாம் சின்ன வயசு, கைக்குழந்தைக்காரங்க. 2016-ல் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி முகாம்களை மூணு வருஷத்துக்குள்ள நிறுத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வசதி எவ்வளவோ மேல், நன்றாகவே பண்றாங்க. ஆனா '83'ங்கிற அந்த எண் எங்கிருந்து வருது? இவங்க ஆளுங்க இல்லை, கேஸுங்கன்னு நினைக்கிற இடத்துல இருந்து.

நம்ம ஊர்லதான் இதை வேற மாதிரி யோசிச்சவரும் இருந்தார். 1930-கள்லயே பெரியார் கர்ப்பத்தடையைப் பத்தி நிறைய எழுதினார், 'கர்ப்ப ஆட்சி'ன்னு புத்தகமே வந்துச்சு. மத்தவங்க கர்ப்பத்தடை வேணும்னு சொன்னது தாயோட உடல்நலத்துக்காக, நாட்டோட பொருளாதாரத்துக்காக. அவர் சொன்னது பெண் சுதந்திரமா இருக்கிறதுக்காக. அந்த வித்தியாசத்தை அவரே தெளிவாச் சொல்லியிருக்கார். தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் பார்த்தா, அவர் கேட்ட கருவி வந்துருச்சு. காரணம் மட்டும் மத்தவங்க சொன்னதாவே நின்னு போச்சு.

இப்போ காத்து வேற பக்கம் அடிக்குது. ஜனத்தொகை குறைஞ்சா நாடாளுமன்றத்துல தொகுதி குறைஞ்சுரும்னு பயம். 2024 அக்டோபர்ல ஆந்திர முதல்வரும் நம்ம முதல்வரா அப்போ இருந்த ஸ்டாலினும் அடுத்தடுத்து நிறையப் பிள்ளை பெத்துக்கிறதைப் பத்திப் பேசினாங்க. ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில பதினாறு செல்வத்தைப் பதினாறு பிள்ளைன்னு ஜோக்கா சொன்னார். தொகுதிப் பிரச்சனை நியாயமான பிரச்சனைதான், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா கவனிச்சீங்களா? அன்னிக்கு நாட்டுக்காக நிறுத்துன்னாங்க, இன்னிக்கு நாட்டுக்காகப் பெத்துக்கோங்கிறாங்க. ரெண்டு தடவையும் நம்மகிட்ட யாரும் கேட்கலை.

சரி, புலம்பல் போதும். உருப்படியா நாலு விஷயம். உங்க தங்கச்சி, மக, மருமக, பக்கத்து வீட்டுப் பொண்ணு யாராவது கர்ப்பமா இருந்தா, ஏழாம் மாசத்துலயே இந்தப் பேச்சை எடுங்க, பிரசவ வார்டு வரைக்கும் காத்திருக்க வேணாம். காப்பர் டி-யில அஞ்சு வருஷத்துது, பத்து வருஷத்துது ரெண்டும் இருக்கு, எப்போ வேணும்னாலும் எடுத்துரலாம், எடுத்ததும் கர்ப்பம் தரிக்கலாம். 'அந்தரா'ங்கிற மூணு மாச ஊசியும், 'சாயா'ங்கிற மாத்திரையும் 2017 வாக்குல அரசுத் திட்டத்துல சேர்ந்துச்சு, இலவசம். சாயா நம்ம லக்னோ ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, ஹார்மோன் கிடையாது, முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. பால் குடுக்கிறவங்களும் சாப்பிடலாம். சாதாரண ஹார்மோன் மாத்திரையை மட்டும் பால் குடுக்கிற முதல் ஆறு மாசம் தவிர்க்கணும். எது எடுத்தாலும் "எனக்கு என்னென்ன தொந்தரவு வரலாம், வந்தா யார்கிட்ட வரணும்?"னு கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அப்புறம் அந்தக் கல்யாண வீட்டுப் பெரியம்மாக்கள் கேள்விக்கு இனிமே பதில் சொல்லாம இருக்கப் போறதில்லை நான். "எதுக்குப் பெரியம்மா கேட்கறீங்க, தம்பி பண்ணிக்கட்டுமே"ன்னு சொல்லிட்டு அவங்க முகத்தைப் பார்க்கணும். என்ன ஆச்சுன்னு தனிப்பதிவா போடறேன் :-)

உங்க வீட்டுல இந்த முடிவை யார் எடுத்தாங்க, எப்போ எடுத்தாங்க? பேர் போடாம வேணும்னாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆண்கள் கட்டாயம் சொல்லணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, ரெண்டு பிள்ளை பெத்தவ, அவ்வளவுதான். மருந்து, மாத்திரை எல்லாம் டாக்டர்கிட்டயோ நர்ஸம்மாகிட்டயோ கேட்டுட்டு எடுத்துக்கோங்க.